பல் டாக்டரைப் பார்த்தாலே அலறும் பிஞ்சுகள்! மிரட்டாமல் வாயைத் திறக்க வைக்க ஒரு தனி படிப்பு - கொடை மலை பெற்றோர் கவனத்துக்கு...

கொடைக்கானல்: "சேட்டை பண்ணினா பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஊசி போடச் சொல்லிருவேன்...!"

பிள்ளை வளர்க்கும் வீடுகளில் இந்த மிரட்டலைக் கேட்காத காது இருக்காது. பூச்சாண்டி, போலீஸ்காரர் வரிசையில் பல் டாக்டரையும் கொண்டு போய் நிறுத்தியாச்சு. அப்புறம் நிஜமாகவே பல் வலிக்கிற அன்றைக்கு அதே டாக்டர் வந்து, "ஆ... காட்டு கண்ணு" என்றால் பிள்ளை எப்படி வாயைத் திறக்கும்?

கீழே சமவெளியில் இருப்பவர்களுக்கு இது அரைமணி நேர ரகளை. மலையில் அப்படி இல்லை. மன்னவனூரில் இருந்து கொடைக்கானல் டவுனுக்கு வரவே சுமார் 35 கி.மீ. வளைந்து வளைந்து வர வேண்டும். கூக்கால், பூண்டி, கவுஞ்சி, போளூர் பக்கமும் இதே கதைதான். பூண்டுக் காட்டிலோ கேரட் காட்டிலோ ஒருநாள் கூலியை விட்டு, பஸ் பிடித்து, பிள்ளையைத் தூக்கி வந்து நாற்காலியில் உட்கார வைத்தால்... அது அலறி, காலை உதைத்து, டாக்டர் விரலைக் கடித்து, கடைசியில் வந்த காரியம் நடக்காமலே திரும்ப வேண்டியதாகிறது. கூலி போச்சு, பஸ் காசும் போச்சு, பல்வலி மட்டும் கூடவே வீட்டுக்கு வருகிறது.

இந்த அலறலை எப்படி ஆற்றுவது என்பதற்கே மருத்துவத்தில் ஒரு தனிப் படிப்பு இருக்கிறது. அதற்காக வாழ்நாளையே கொடுத்த பேராசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஆராய்ந்து சொன்னதில் பல விஷயங்கள் பைசா செலவில்லாமல் வீட்டிலேயே செய்யக் கூடியவை.

பிடிவாதம் இல்லைங்க, பயம்!

முதலில் ஒரு விஷயம். பல் நாற்காலியில் அழும் பிள்ளை "செல்லம் கொடுத்துக் கெட்டுப்போன பிள்ளை" இல்லை.

மல்லாக்கப் படுக்க வைக்கிறார்கள். கண்ணுக்கு நேராக விளக்கு. முகமூடி போட்ட ஒரு ஆள். வாய்க்குள் என்ன நடக்கிறது என்று தன்னால் பார்க்க முடியாது. வாயில் கை இருப்பதால் "வலிக்குது" என்று சொல்லவும் முடியாது. போதாக்குறைக்கு 'கிர்ர்ர்' என்று மெஷின் சத்தம் வேறு. பெரியவர்களுக்கே வயிற்றைக் கலக்கும் இடம் அது. நாலு வயசுக் குழந்தைக்கு எப்படி இருக்கும்?

பயம் மூன்று வழியில் வருவதாகச் சொல்கிறார்கள் மனநல ஆராய்ச்சியாளர்கள். ஒன்று, பிள்ளை தானே பட்டது. இரண்டு, அடுத்தவர் பயப்படுவதைப் பார்த்தது. மூன்று, காதில் விழுந்தது. பல் விஷயத்தில் நம்ம ஊரில் மூன்றாவது வழிதான் முதலில் வேலை செய்கிறது. நாற்காலியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, "எனக்குப் பல்லுப் பிடுங்கினப்ப உசிரே போயிருச்சு" என்று தாத்தா சொன்ன கதை பிள்ளை மனசில் உட்கார்ந்துவிடும். அம்மாவுக்கு பல் டாக்டர் என்றால் பயம் இருந்தால் பிள்ளைக்கும் அது தொற்றிக் கொள்கிறது என்று பல நாடுகளில் ஆராய்ச்சி செய்து பார்த்துவிட்டார்கள். அம்மா வாய் திறந்து சொல்லவே வேண்டாம், கையை இறுக்கிப் பிடித்தாலே போதும், பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

சுவீடன் நாட்டில் உல்ஃப் பெர்க்ரன் என்ற பல் மருத்துவ ஆராய்ச்சியாளர் 1984ம் ஆண்டு இதை ஒரு சக்கரமாக விளக்கினார். பயம் இருப்பதால் டாக்டரிடம் போவதில்லை. போகாததால் சொத்தை பெரிசாகிறது. தாங்க முடியாத வலி வந்த பிறகு போனால் பெரிய சிகிச்சை, அதனால் பெரிய வலி. அந்த வலியால் பயம் இன்னும் கூடுகிறது. அடுத்த தடவை இன்னும் தள்ளிப் போடுகிறார்கள்...

இந்தச் சக்கரம் மலையில் இன்னும் வேகமாகச் சுற்றும். ஏனென்றால் இங்கே தள்ளிப் போட இன்னொரு காரணமும் கையில் இருக்கிறது. தூரம்! "அடுத்த வாரம் டவுனுக்குப் போறப்ப பாத்துக்கலாம்" என்று சொல்லியே ஆறு மாசம் ஓடிவிடும். பல தலைமுறையாக நடந்தே இறங்கி ஏறிய வெள்ளகெவி மாதிரி ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

பஞ்சாமிர்தமும் சாக்லேட்டும்

மலை அடிவாரத்தில் பழனி பஞ்சாமிர்தம். மலை உச்சியில் கொடைக்கானல் 'ஹோம் மேடு' சாக்லேட். இரண்டுமே ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த சரக்கு. பஞ்சாமிர்தத்துக்கு 2019ல் புவிசார் குறியீடே கிடைத்தது.

இதைச் சாப்பிடவே கூடாதா? அப்படியெல்லாம் எந்த டாக்டரும் சொல்லவில்லை. எவ்வளவு சாப்பிட்டோம் என்பதைவிட எத்தனை தடவை சாப்பிட்டோம் என்பதுதான் பல்லுக்குக் கணக்கு. இனிப்பு வாயில் பட்டதும் அங்கே இருக்கும் கிருமிகள் அதைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அந்த அமிலம் அடங்க ஏறக்குறைய அரைமணி நேரம் ஆகும். சோற்றோடு சேர்த்து ஒரே தடவையாக ஒரு கரண்டி பஞ்சாமிர்தம் சாப்பிட்டால் ஒரு அரைமணி நேரம். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போகும்போதும் வரும்போதும் விரலால் வழித்தால்? நாள் முழுக்க பல் அமிலத்திலேயே ஊறும். வெல்லம், பேரீச்சை, வாழைப்பழம் எல்லாம் ஒட்டிக்கொள்ளும் ரகம் வேறு.

ஆனால் மலைக்கிராமங்களில் நிஜமான வில்லன் பஞ்சாமிர்தமும் இல்லை, சாக்லேட்டும் இல்லை. அதெல்லாம் டூரிஸ்ட்டுகள் வாங்கிப் போவது. பெட்டிக்கடையில் தொங்கும் 5 ரூபாய் கிரீம் பிஸ்கட்டும், ராத்திரி சர்க்கரை போட்ட பாலை புட்டியில் ஊற்றி வாயில் வைத்தபடியே தூங்க வைக்கும் பழக்கமும்தான் பிள்ளைகளின் முன்பற்களைக் கரைக்கின்றன. குளிர் ஊர் என்பதால் காலையில் ஐஸ் மாதிரி இருக்கும் தண்ணீரில் பல் தேய்க்கச் சொன்னால் பிள்ளை ஓடும். அடுப்பில் எப்படியும் வெந்நீர் இருக்கும். அதில் ஒரு டம்ளர் கொடுத்தால் பாதி சண்டை தீர்ந்தது.

"பால் பல்தானே... விழுந்து முளைக்கும், விடுங்க" என்பது அடுத்த தப்புக் கணக்கு. முன்பக்கத்துப் பால் பல் 6, 7 வயசில் விழும். ஆனால் பின்பக்கக் கடைவாய்ப் பால் பல் 11, 12 வயசு வரைக்கும் வாயில் இருக்க வேண்டியது. அது 5 வயசிலேயே சொத்தையாகிப் பிடுங்கப்பட்டால், பிள்ளை மெல்லுவதற்கு கஷ்டப்படும். பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்துவிடும். பின்னால் முளைக்க வேண்டிய நிலைப்பல் இடம் கிடைக்காமல் கோணலாக வரும்.

இந்திய பல் மருத்துவ கவுன்சில் 2002-03ல் நாடு முழுக்க நடத்திய கணக்கெடுப்பில், 5 வயசுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் சொத்தைப் பல் இருந்தது தெரிய வந்தது. அதாவது ரெண்டு பிள்ளைக்கு ஒரு பிள்ளை, அழுதாலும் அழாவிட்டாலும், அந்த நாற்காலியில் ஏறித்தான் ஆக வேண்டும்.

'கொலை வீடு' என்று பேர் வைத்த பிள்ளைகள்

குழந்தைகளுக்கென்று தனியாகப் பல் வைத்தியம் வந்தது ரொம்ப பழைய கதை இல்லை. அமெரிக்காவில் மின்னி ஜோர்டன் என்ற பெண் டாக்டர் 1909ல் லாஸ் ஏஞ்சல்சில் குழந்தைகளுக்கு மட்டும் என்று பல் கிளினிக் நடத்த ஆரம்பித்தார். 1925ல் அதுபற்றி புத்தகமும் எழுதினார். அந்தக் காலத்தில் பால் பல்லுக்கு யாராவது மெனக்கெடுவார்களா என்று மற்ற டாக்டர்களே நினைத்துக் கொண்டிருந்தார்கள்.

நியூசிலாந்து அரசாங்கம் இன்னும் ஒரு படி மேலே போனது. 1921ல் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பள்ளிக்கூடத்துக்கே பல் நர்சுகளை அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. உலகமே பாராட்டியது. ஆனால் பிள்ளைகள் அந்த அறைக்கு வைத்த பேர் என்ன தெரியுமா? 'கொலை வீடு'! காலால் மிதித்துச் சுற்றும் மெதுவான மெஷினில் பல்லைக் குடைந்தால் பிள்ளைகள் வேறென்ன பேர் வைப்பார்கள்? சொத்தை குறைந்தது, பயம் தங்கிவிட்டது. அப்படிப் பயந்த பிள்ளைகள் பலர் வளர்ந்த பிறகும் பல் டாக்டர் பக்கம் போகாமல் தப்பித்துத் திரிந்தார்கள்.

பல்லைச் சரி செய்தால் மட்டும் போதாது, பிள்ளை மனசையும் பார்க்க வேண்டும் என்று புரிந்தது இப்படித்தான்.

அம்மா உள்ளே இருக்கலாமா?

இந்தக் கேள்விக்கு 'எனக்குத் தோணுது' என்று பதில் சொல்லாமல், சோதித்துப் பார்த்துப் பதில் சொன்னவர் ஸ்பென்சர் ஃபிராங்கல். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்காரர். அவரும் இரண்டு பேரும் சேர்ந்து 1962ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சிகிச்சை அறையில் அம்மா கூட இருக்கும் பிள்ளைகளையும், அம்மாவை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போன பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

சுமார் மூன்றரை வயசில் இருந்து நாலு வயசு வரை உள்ள பிள்ளைகள் அம்மா பக்கத்தில் இருந்தபோது நன்றாக ஒத்துழைத்தார்கள். அதைவிடப் பெரிய பிள்ளைகளுக்கு அம்மா இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. 'அம்மா இருந்தாலே பிள்ளை அழும், வெளியே அனுப்பு' என்று அதுவரை பொத்தாம் பொதுவாகச் சொல்லி வந்தவர்களுக்கு இது சரியான பதிலடி.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த ஆய்வுக்காக அவர்கள் போட்ட மார்க்குதான். பிள்ளையின் நடத்தையை நாலு படியாகப் பிரித்தார்கள். அடம் பிடித்து அலறினால் இரண்டு மைனஸ். முனகிக்கொண்டு மறுத்தால் ஒரு மைனஸ். கொஞ்சம் தயங்கினாலும் சொன்னதைக் கேட்டால் ஒரு பிளஸ். சிரித்துப் பேசி டாக்டரோடு ஜாலியாகிவிட்டால் இரண்டு பிளஸ். அவ்வளவுதான். 60 வருஷம் தாண்டிய பிறகும் மதுரை முதல் மாஸ்கோ வரை குழந்தைப் பல் பிரிவில் சீட்டில் எழுதுவது 'ஃபிராங்கல் மார்க்'தான். ஃபிராங்கல் பிற்பாடு பாஸ்டன் பல்கலைக்கழக பல் மருத்துவக் கல்லூரிக்கு 1977ல் டீன் ஆகி, சுமார் 30 வருஷம் அந்தப் பதவியில் இருந்தார்.

பிள்ளைக்கு மார்க் போடுவதால் என்ன லாபம் என்று கேட்கலாம். போன தடவை இரண்டு மைனஸ் வாங்கிய பிள்ளை இந்தத் தடவை ஒரு மைனசுக்கு வந்தால், அதுவே முன்னேற்றம். அழுதாலும் பிள்ளை தேறுகிறது என்று டாக்டருக்குத் தெரியும். அடுத்து வேறு டாக்டர் பார்த்தாலும் சீட்டைப் பார்த்ததும் புரிந்துகொள்வார்.

சொல்லு... காட்டு... செய்!

இன்னொரு அமெரிக்கரான அடெல்ஸ்டன் 1959ல் எழுதி வைத்த முறை இது. கேட்டால் 'பூ... இவ்வளவுதானா' என்று தோன்றும். முதலில் என்ன செய்யப் போகிறோம் என்று பிள்ளைக்குப் புரிகிற பேச்சில் சொல். அப்புறம் அதைப் பிள்ளையின் விரல் நகத்திலோ பொம்மையின் பல்லிலோ செய்து காட்டு. பிறகு சொன்னபடியே செய். சொன்னதற்கு மேல் ஒரு இம்மி கூடச் செய்யாதே. உலகம் பூரா குழந்தைப் பல் வைத்தியத்துக்கு இதுதான் அரிச்சுவடி.

இதில் பேச்சு முக்கியம். குழந்தைப் பல் டாக்டர்கள் ஊசி, கத்தி, குறடு என்ற வார்த்தைகளை வாயிலேயே எடுப்பதில்லை. பல் குடையும் மெஷின் 'பல்லுக்குக் குளிப்பாட்டுற ஷவர்'. உறிஞ்சும் குழாய் 'தண்ணி குடிக்கிற யானை'. மரத்துப் போகும் மருந்து 'பல்லைத் தூங்க வைக்கிற மருந்து'. இது பொய் சொல்வது இல்லை. பிள்ளைக்குத் தெரிந்த உலகத்தில் இருந்து ஒரு பேர் எடுத்துச் சொல்வது. மழைக்காலத்தில் காலில் ஏறிய அட்டைப்பூச்சியை அசால்ட்டாகப் பிய்த்துப் போடும் மலைப் பிள்ளையிடம், "அட்டை கடிக்கிற அளவுகூட இருக்காது, சுருக்குன்னு ஒண்ணு" என்றால் அதற்கு உடனே பிடிபடும்.

பொய் எதுவென்றால், "ஊசியே கிடையாது, சும்மா பார்க்கத்தான் போறோம்" என்று அழைத்துப் போய் பல்லைப் பிடுங்குவது. ஒரே ஒரு தடவை இப்படி ஏமாந்த பிள்ளை, அப்புறம் டாக்டரையும் நம்பாது, அப்பாவையும் நம்பாது.

கை தூக்கினால் நிறுத்து என்பது இன்னொரு உத்தி. "வலிச்சா இடது கையைத் தூக்கு, நிறுத்திடறேன்" என்று டாக்டர் ஒப்பந்தம் போடுவார். பிள்ளை ஒரு தடவை சோதித்துப் பார்க்கும். டாக்டர் நிஜமாகவே நிறுத்தினால், அதற்குப் பிறகு அடிக்கடி கை தூக்காது. பிரேக் தன் கையில் இருக்கிறது என்ற தைரியம்தான்.

முன்பு எல்லாமே இப்படி இனிப்பாக இருந்துவிடவில்லை. அலறும் பிள்ளையின் வாயைக் கையால் பொத்தி, காதருகே பேசி அடக்கும் ஒரு முறையும் பாடப் புத்தகத்தில் இருந்தது. பல வருஷம் சண்டை நடந்து, அமெரிக்க குழந்தைப் பல் மருத்துவ அகாடமி 2006ல் அதைத் தன் வழிகாட்டுதலில் இருந்தே தூக்கியது. இன்றைக்கும் எங்கேயாவது பிள்ளையின் வாயைப் பொத்தி மிரட்டினால், 'வேற வழி இருக்குங்களா சார்' என்று கேட்க பெற்றோருக்கு முழு உரிமை உண்டு.

சோட்டா பீமும் ஆராய்ச்சிக்கு வந்தார்

நம்ம நாட்டுக் கதைக்கு வருவோம். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ஆர்.அகமது 1920ல் கொல்கத்தாவில் தொடங்கினார். தமிழ்நாட்டில் அரசு பல் மருத்துவப் படிப்பு 1953ல் சென்னையில் ஆரம்பம். குழந்தைப் பல் மருத்துவர்களுக்கென்று தனியாக அகில இந்திய சங்கம் உருவானது 1979ல். சென்னை டாக்டர் எம்.எஸ்.முத்து, என்.சிவகுமாருடன் சேர்ந்து எழுதிய குழந்தைப் பல் மருத்துவப் பாடநூல் 2009ல் வந்தது. நம்ம ஊர் டாக்டர்களே எழுதிய புத்தகம் அது.

பிள்ளைக்கு எவ்வளவு பயம் என்று அளக்க வெளிநாட்டில் சிரித்த முகம், அழுத முகம் வரைந்த அட்டைகள் உண்டு. "இப்ப நீ எந்த முகம் மாதிரி இருக்கே?" என்று கேட்டு, பிள்ளை தொட்டுக் காட்டுவதை வைத்துக் கணக்குப் போடுவார்கள். வாயால் சொல்லத் தெரியாத 4 வயசுப் பிள்ளையும் விரலால் காட்டிவிடும். வட்டம் போட்டு வரைந்த முகம் நம்ம பிள்ளைகளுக்கு ஒட்டவில்லை என்று இந்திய டாக்டர்கள் 2015ல் குழந்தைகளின் போட்டோக்களையே வைத்து ஒரு அட்டை தயாரித்தார்கள். 2016ல் பஞ்சாப் டாக்டர்கள் ஆம்பளைப் பிள்ளைகளுக்கு சோட்டா பீம், பொம்பளைப் பிள்ளைகளுக்கு சுட்கி என்று கார்ட்டூன் முகங்களையே அளவுகோலாக்கிவிட்டார்கள். டி.வி.யில் பார்த்த முகம் என்பதால் பிள்ளைகள் டக்கென்று தொட்டுவிடுகின்றன.

மேஜிக் கூட ஆராய்ச்சிக்கு வந்தது. நாற்காலியில் ஏறவே மாட்டேன் என்று அடம் பிடித்த பிள்ளைகளுக்கு இஸ்ரேலில் சின்ன மேஜிக் ஒன்று செய்து காட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட சீக்கிரம் ஏறி உட்கார்ந்ததாக 2005ல் எழுதினார்கள். திருவிழாவில் மோடி வித்தை பார்த்து வாய் பிளந்த பிள்ளைகளைக் கண்டவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

இந்தத் துறையில் பேராசிரியர் ஆவது எப்படி? பிளஸ்-2 முடித்து, நீட் எழுதி, பி.டி.எஸ். படிக்க பயிற்சிக் காலத்தோடு 5 வருஷம். அப்புறம் மறுபடியும் நுழைவுத் தேர்வு எழுதி 'குழந்தைகள் மற்றும் தடுப்பு பல் மருத்துவம்' எம்.டி.எஸ். 3 வருஷம். அதில் சொந்தமாக ஒரு ஆராய்ச்சி செய்து ஆய்வேடு கொடுத்தே ஆக வேண்டும். ஊசி போடும்போது கார்ட்டூன் பார்த்த பிள்ளையின் நாடித் துடிப்பு எவ்வளவு, பார்க்காத பிள்ளைக்கு எவ்வளவு என்று விரலில் கிளிப் மாட்டி எண்ணுவது இந்த மாதிரி ஆய்வுகளில் ஒன்று. பிறகு விரிவுரையாளர், ரீடர், பேராசிரியர் என்று படிப்படியாக ஏற வருஷங்கள் ஆகும். இதற்கு நடுவே இன்னொரு வேலையும் உண்டு. முதன்முதலாக ஒரு அழுகிற குழந்தையைப் பார்த்து, பிள்ளையைவிட அதிகமாக நடுங்கும் கல்லூரி மாணவர்களுக்கும் தைரியம் சொல்லித் தர வேண்டும்!

பழனி மொட்டையில் இருக்கும் பாடம்

இவ்வளவு தூரம் அமெரிக்கா போக வேண்டியதே இல்லை. பழனி அடிவாரத்துக்குப் போனால் போதும்.

முடி இறக்கும் இடத்தில் கைக்குழந்தை தாய்மாமன் மடியில் இருக்கும். மாமன் கை தலையைத் தாங்கும். அத்தை கிலுகிலுப்பை ஆட்டுவார். முடி எடுப்பவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலையை முடித்துவிடுவார். காது குத்தும்போதும் அப்படித்தான். ஒருத்தர் வேடிக்கை காட்ட, ஆசாரி கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுவார். அழுகை வரும், ஆனால் மடியை விட்டு யாரும் இறக்குவதில்லை. அழுததற்காக யாரும் அடிப்பதும் இல்லை.

குழந்தைப் பல் டாக்டர்கள் 3 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளையைப் பார்ப்பதும் அதே பாணிதான். அம்மாவும் டாக்டரும் எதிரெதிரே முட்டியோடு முட்டி இடிக்க உட்காருவார்கள். பிள்ளையின் உடம்பு அம்மா மடியில், தலை டாக்டர் மடியில். பிள்ளை அம்மா முகத்தைப் பார்த்தபடியே படுத்திருக்கும். டாக்டர் விளக்கைப் பிடித்துப் பல்லைப் பார்த்துவிட்டு எழுப்பிவிடுவார். பெரிய நாற்காலியே தேவையில்லை.

மொட்டை போட யாரும் முடி வலிக்கும் வரை காத்திருப்பதில்லை. பல்லுக்கு மட்டும் ஏன் வலிக்கும் வரை காத்திருக்க வேண்டும்? முதல் பல் முளைத்த ஆறு மாசத்துக்குள், அல்லது முதல் பிறந்தநாளுக்குள் ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்பதுதான் இந்தத் துறையின் பரிந்துரை. வலி இல்லாத நாளில் போனால், அங்கே ஒன்றும் நடக்காது. நாற்காலி மேலே போகும், கீழே வரும். டாக்டர் பல்லை எண்ணுவார். அந்த 'ஒன்றும் நடக்காத' நாள்தான் பின்னால் ஊசி போட வேண்டி வரும்போது கை கொடுக்கும்.

மெஷின் இல்லாமலும் வைத்தியம்

சொத்தை என்றாலே குடைந்துதான் ஆக வேண்டும் என்று இல்லை. மலைக்கிராம முகாமுக்கு ஏற்ற வழிகளும் வந்தாச்சு.

ஆப்பிரிக்காவின் தான்சானியாவில் கரன்ட் இல்லாத கிராமங்களுக்காக 1980களில் ஒரு முறையை உருவாக்கினார்கள். சொத்தையை மெஷின் இல்லாமல் கைக்கருவியால் மெல்லச் சுரண்டி எடுத்துவிட்டு, பல்லோடு ஒட்டிக்கொள்ளும் சிமென்ட்டை வைத்து அடைப்பது. கிர்ர் சத்தம் கிடையாது. பெரும்பாலும் ஊசியும் வேண்டாம். 

அடுத்தது, வெள்ளி கலந்த ஃபுளோரைடு சொட்டு மருந்து. சொத்தை மேல் தடவினால் அது பரவுவதை நிறுத்தும். ஒரே குறை, சொத்தை இருந்த இடம் கறுத்துப் போகும். விழப் போகிற பால் பல்தானே என்று பலர் ஒத்துக்கொள்கிறார்கள், முன்பல் என்றால் அம்மாக்கள் யோசிக்கிறார்கள். முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இந்த சொட்டு மருந்து, அந்த சிமென்ட், ஃபுளோரைடு பேஸ்ட் மூன்றையும் உலக சுகாதார நிறுவனம் 2021ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

ரொம்ப பயந்த பிள்ளைகளுக்கு 'சிரிப்பு வாயு' உண்டு. 1844ல் ஹொரேஸ் வெல்ஸ் என்ற அமெரிக்க பல் டாக்டர் அதை மூச்சில் இழுத்து, தன் பல்லையே பிடுங்கச் சொல்லிச் சோதித்துப் பார்த்தார். இன்று அதை ஆக்சிஜனோடு கலந்து மூக்கில் மட்டும் மாட்டும் சின்ன முகமூடி வழியாகக் கொடுக்கிறார்கள். பிள்ளை தூங்காது, மிதக்கிற மாதிரி இருக்கும். நிறுத்தியதும் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். இந்த வசதியும் பயிற்சி பெற்ற டாக்டரும் எல்லா கிளினிக்கிலும் இருக்க மாட்டார்கள்.

எங்கே போவது?

கொடைக்கானல் டவுனிலேயே பல் டாக்டர்கள் இருக்கிறார்கள். சாதாரண சொத்தை, பரிசோதனைக்கு அதுவே போதும். குழந்தைப் பல் சிறப்புப் பிரிவுதான் வேண்டும் என்றால் மதுரையில் சி.எஸ்.ஐ. பல் மருத்துவக் கல்லூரி, பெஸ்ட் பல் மருத்துவக் கல்லூரி இரண்டும் இருக்கின்றன. பி.டி.எஸ். படிப்பில் குழந்தைப் பல் மருத்துவம் ஒரு பாடம் என்பதால் எந்தப் பல் மருத்துவக் கல்லூரியிலும் இந்தப் பிரிவு இருக்கும். பொதுவாக கல்லூரிகளில் தனியார் கிளினிக்கைவிட செலவு குறைவு. மாணவர்கள் பார்ப்பார்கள், பக்கத்தில் பேராசிரியர் நிற்பார். நேரம் மட்டும் கூடுதலாக ஆகும்.

2013ல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க வரும் மருத்துவக் குழுக்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் பல் நோயும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023ல் பள்ளி மாணவர்களின் பல்லுக்கென்றே 'புன்னகை' திட்டமும் தொடங்கப்பட்டது. பள்ளிக்கு மருத்துவக் குழு வரும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளாமல் அனுப்பினாலே முதல் பரிசோதனை இலவசமாக முடிந்துவிடும்.

சின்னப் பிள்ளைகளைக் காலையிலேயே கூட்டி வாருங்கள், அப்போதுதான் தெம்பாக இருப்பார்கள் என்று புத்தகத்தில் இருக்கிறது. மன்னவனூரில் இருந்து மதுரைக்குக் காலையிலேயே போய்ச் சேருவது எப்படி என்று புத்தகத்தில் இல்லை! மலைப்பாதையில் வாந்தி எடுத்து, வெறும் வயிற்றோடு, களைத்துப் போன பிள்ளையை பஸ்சில் இருந்து இறங்கிய கையோடு நாற்காலியில் ஏற்றினால் ஃபிராங்கல் மார்க்கில் இரண்டு மைனஸ் நிச்சயம். முடிந்தால் முதல்நாளே இறங்கி சொந்தக்காரர் வீட்டில் தங்கலாம். இல்லாவிட்டால் இறங்கியதும் லேசாக சாப்பிடக் கொடுத்து, ஒரு மணி நேரம் விளையாட விட்டுக் கூட்டிப் போகலாம். மயக்க மருந்து கொடுத்துச் செய்வதாக இருந்தால் மட்டும் எத்தனை மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சில நேரம் பயத்தை எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கன்னமோ தாடையோ வீங்கிக் காய்ச்சல் அடித்தாலும், வாயைத் திறக்க முடியாமல் போனாலும், எச்சில் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலும், கண்ணுக்குக் கீழே வீக்கம் ஏறினாலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. 108 ஆம்புலன்சுக்குப் போன் போட்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். சொத்தைக்குள் சூடம், புகையிலை, பெட்ரோல் வைப்பது ஈறைப் புண்ணாக்குமே தவிர சீழை ஆற்றாது. பெரியவர்களுக்கு வாங்கி வைத்த வலி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பதும் ஆபத்து. ஆஸ்பிரின் வகை மாத்திரை பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாது.

சிகிச்சை முடிந்து திரும்பும்போது ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. மரத்துப் போகும் ஊசி போட்டால் உதடும் கன்னமும் இரண்டு, மூன்று மணி நேரம் உணர்ச்சி இல்லாமல் இருக்கும். பிள்ளை அதை வேடிக்கையாக மென்று மென்று ரத்தக் காயம் ஆக்கிக்கொள்ளும். மறுநாள் உதடு வீங்கியதைப் பார்த்துவிட்டு, 'டாக்டர் தப்பா ஊசி போட்டுட்டார்' என்று ஊரே பேசும். மதுரையில் பஸ் ஏறியதில் இருந்து வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கும் வரை பிள்ளையின் உதட்டில் ஒரு கண் இருக்கட்டும். அதுவரை முறுக்கு, பிஸ்கட் என்று எதையும் கடிக்கக் கொடுக்காமல், பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தால் போதும்.